துரையமுக்கி மடு

கும்பினிக்காரன் குதிரை நம்ம கரிசக்காட்டுல மேஞ்ச காலம் அது. அப்போ ஓடைக்கரைப்பட்டியில வெயிலாச்சி, வெயிலாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கே மூத்தவ. புருசன் பேரு இருளப்பன். மயிலை ஒண்ணு, செவலை ஒண்ணு, ரெண்டு காளை வச்சிருந்தாக. கன்னுலருந்து அவ கையில வளந்ததுக. "ம்மா வா... ம்மா வா..."ன்னு அவ குரல் குடுத்தா கட்டுத்தறியப் பிடுங்கிட்டு ஓடியாருமாம்.

அப்போ நம்ம பாளையக்காரரு, கும்பினிக்குத் தலை வணங்க முடியாதுன்னுட்டாரு. அவரு கோட்டைய இடிக்க ஒரு துரை பீரங்கியோட வாரான். வார வழியெல்லாம், பீரங்கி இழுக்க மாடு பிடிக்கான். இங்கயும் வந்துட்டான்.

இருளப்பன் குறுக்க நின்னானாம். "எங்க கோட்டையச் சுடுத பீரங்கிய எம்மாடு இழுக்காது."

துரை அவன ஊர்ப்புளியமரத்துல தூக்குல தொங்க விட்டுட்டான். மாட்டையும் பிடிச்சுட்டான்.

வெயிலாச்சி ஓடிப்போயி கால்ல விழுந்தாளாம். "சாமி, பொணத்தையாவது குடுங்க. எரிச்சுக்கிடுதேன்." கூட நின்ன துபாஷி அதை வெள்ளக்காரன் பாஷையில சொன்னான். துரை சிரிச்சான். "காக்கா பசியாறட்டும்னு துரை சொல்லுதாரு"ன்னானாம் துபாஷி. மரத்தடியில சிப்பாயக் காவல் வச்சுட்டுப் போயிட்டான்.

அவ அழுதாளா? அழலியாம். பன்னருவாள எடுத்தா. புல்லு அறுத்தா. கட்டாக் கட்டித் தலையில வச்சுக்கிட்டு, பட்டாளம் போற பக்கமே நடந்தா. பீரங்கி மாட்டுக்குப் புல்லு வேணும்லா? "புல்லுக்காரி, புல்லுக்காரி"ன்னு எல்லாரும் வாங்குனாக. முகத்த ஒருத்தனும் பாக்கல. மயிலையும் செவலையும் மட்டும் அவ கைய நக்குச்சாம்.

கம்மாய்க்கிட்ட வாராக. முந்தின மழையில கரை ஒடைஞ்சு, தண்ணியெல்லாம் வடிஞ்சு கெடக்கு. கரை மேல பீரங்கி போகத் தடமில்ல.

துபாஷி கேட்டான்: "ஏ புல்லுக்காரி, வேற வழி உண்டா?"

"கம்மாய்க்குள்ள எறங்குங்க, நேரா அக்கரை போயிரலாம். நான் முன்னால நடக்கேன், பாருங்க."

நடந்தா. காஞ்சு வெடிச்ச மேல்மண்ணு, ஒத்தப் பொம்பளையத் தாங்குச்சு. அடியில பூராம் புதைசேறு. அது ஊராளுக்குத் தெரியும், துரைக்குத் தெரியுமா? பீரங்கி வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டான். மயிலையும் செவலையும் முன்னேரு, மத்த மாடுக பின்னால. நாலடி வச்சதும் மாடுக மிரண்டு நின்னுட்டுதாம்.

அக்கரையில நின்னு அவ கூப்பிட்டா. "ம்மா வா... ம்மா வா..."

ஐயோ, இழுத்துதுக பாரு இழுவை! சாட்டைக்கு அசையாத மாடு அந்தக் குரலுக்குப் பறந்துதாம். நடுக்கம்மாய் தாண்டுனதும் மண்ணு பொத்துக்கிட்டுது. சக்கரம் முங்குது. பீரங்கி முங்குது. துரை இடுப்பளவு போயிட்டான்.

வெயிலாச்சி பன்னருவாளோட சேத்துல ஊந்து வந்து, முன்னேருப் பூட்டுக்கயித்த அறுத்து விட்டா. மயிலையும் செவலையும் கரையேறிருச்சு. துரை கைய நீட்டிக் கத்துனான். அவன் பாஷை அவளுக்குத் தெரியாது. நீட்டுன கை தெரியும்லா?

"எம்புருசன் பொணத்தக் கேட்டேனடா. குடுத்தியா?"

நின்னு பாத்தாளாம், தொப்பி முங்குத மட்டுக்கும். பின்னால பூட்டியிருந்த மாடுகள எட்டி அறுக்க முடியல. அதுகளுக்காகத்தான் மாருல அடிச்சு அழுதாளாம்.

சிப்பாய்க இக்கரையிலருந்து சுட்டாக. ஒண்ணும் படல. பீரங்கியுமில்ல, துரையுமில்ல, பட்டாளம் கலைஞ்சுட்டுது. மரத்தடிக் காவலும் ஓடிருச்சு. அவ வந்து இருளப்பன எறக்குனா. அப்போ பாதி எலும்புதானாம். எரிச்சா.

கோட்டை பெறகு விழத்தான் செஞ்சுது. பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தப் பீரங்கியால விழல.

அந்த எடந்தான் துரையமுக்கி மடு. கோடையில கம்மாய் வத்துனாலும் ஒருத்தரும் அங்க மண்ணெடுக்க மாட்டாக. கடந்து போற ஆளு, ஆணோ பொண்ணோ, புதுசாக் கட்டிட்டு வந்த மருமகளோ, ஒரு கரிசக்கட்டி எடுத்து அதுல எறியணும். எறிஞ்சுட்டுச் சொல்லணும்:

"இன்னும் கீழ போ!"