புழுவா, சிப்பியா

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. ஆவடியில் மின்சார ரயில் ஏறிய அண்ணனும் தங்கையும் என் எதிரே உட்கார்ந்தார்கள். அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவள் கடல் உயிரினங்களை ஆராய்பவள். அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. நான் விரித்த பேப்பரில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"புழு மாதிரி ஒண்ணுண்ணா. வாய் இருக்கு, வயிறு இருக்கு. ஓடு இல்ல, செவுள் இல்ல. ஆனா ஜீன் டெஸ்ட்ல சிப்பின்னு வருது."

"டெஸ்ட்டே சொல்லிச்சு, அப்பால இன்னா?"

"அறுத்துப் பாத்தா ஒரு இடத்துலகூட சிப்பி மாதிரி இல்லையே. எங்க லேப் சார் இன்னிக்கே சிப்பின்னு எழுதி அச்சுக்கு அனுப்பப் போறாரு. என் பேரும் அதுல இருக்கு."

ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணா, காலைல என்ன சாப்ட்ட?"

"நேத்து வச்ச நெத்திலிக் கொயம்பு. இன்னாத்துக்கு கேக்குற?"

"இப்ப உன் வயித்துலேர்ந்து ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணா நெத்திலின்னு வரும்."

"என்னை ஏன்டி அறுக்குற?"

"நான் அதோட வயித்துலேர்ந்துதான் துண்டு எடுத்தேன்."

அண்ணன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான்.

"அப்ப அது சிப்பி இல்ல?"

"சிப்பியைத் தின்னது."

அம்பத்தூர் வந்தது. இறங்க எழுந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"அப்ப அது இன்னாதான்?"

"தொட்டியில இன்னொண்ணு உயிரோட இருக்கு. பட்டினி போட்டாதான் சொல்லும்."