வடாம் காய்ந்த நீலப் பலகை

இந்த ஊரில் கலர் ஃபைபர் போர்டு கிடைப்பது சுலபமில்லை, சார். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

பழுப்புப் பலகை எந்தக் கடையிலும் உண்டு. நான் சொல்வது வேறு. மரத்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்தும்போதே சாயத்தையும் கலந்துவிடுகிறார்கள். அறுத்தால் உள்ளேயும் அதே நிறம். ஓரத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம். மயிலாப்பூரில் நான் போகும் மாலைநேர மரவேலை வகுப்பில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தி.நகர், ஆழ்வார்பேட்டை என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் வகுப்புத் தோழன் சைஃப்தான் வழி சொன்னான். அவன் மாமா கண்காட்சிகளுக்கு ஸ்டால் போட்டுப் பிரிப்பவர்.

"ஃபாரின் கம்பெனி ஸ்டால் ஒண்ணு பிரிக்கிறாங்க மச்சி. செவப்பு, நீலம், பச்சைன்னு பலகை கீது. குப்பைக்குப் போறதுக்குள்ள வந்து தூக்கிக்கோ."

நிறத்துக்கு ஒன்றாக மூன்று பலகைகள். மீன்பாடி வண்டியில் ஏற்றி, போர்வை போர்த்தி, அடையாறுக்குக் கொண்டுவந்தேன். "புதுப் பொண்ணை அழைச்சினு போற மாதிரி போறியேடா" என்று சைஃப் சிரித்தான்.

நான் குடியிருப்பது சுந்தரவல்லி மாமி வீட்டு மொட்டைமாடி அறையில். மாமி அதற்குக் கீழே, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். என் அறைக்கு அவரிடமும் ஒரு சாவி உண்டு. வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு பொருள் செய்து காட்ட வேண்டும். மூன்று நிற இழுப்பறைகள் வைத்த அலமாரி என் திட்டம். எனக்கு எதிலும் சந்தேகம் உண்டு. அளந்ததை மறுபடி அளப்பேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதனால் பலகைகளை அறுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

சித்திரையில் ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பினால், நீலப் பலகை மாடியில் வெயிலில் படுத்திருக்கிறது. அதன்மேல் வரிசையாக ஜவ்வரிசி வடாம்.

"என்ன மாமி இது?"

"ஏண்டா பத்ரி, இப்படி வழவழன்னு ஒரு பலகையை வச்சுண்டு சொல்லவே இல்லையே நீ. வேஷ்டில இட்டா ஒட்டிண்டு பாடாப் படுத்தும். இதுல பாரு, தொட்டா உரிஞ்சு வரது."

"அலமாரிக்கு வச்சிருந்தேன் மாமி."

"அலமாரி எங்கே ஓடிப்போறது? எத்தனை மாசமா அளந்துண்டே இருக்கே! போ, உனக்கும் பொரிச்சுத் தரேன்."

சுடச்சுட ஊற்றிய கூழைப் பலகை குடித்துவிட்டது. மறுநாள் ஓரமெல்லாம் உப்பி, அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது. சாயங்காலம் மாமி ஒரு தட்டு வடாம் கொண்டுவந்து வைத்தார். தின்றேன். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. நான் கோபக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து பால்கனி. கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன என்று மாமி அவற்றைக் கழற்றிப் போட்டார். "அந்தச் சிவப்புப் பலகையைக் குறுக்கே அடிச்சுக் கொடேன், பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார். நானாகச் சொல்லவில்லை. அவராகவே கேட்டார். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரம் ஏறிய பலகையில் திருகாணி நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு ஒரு வேலையைத் தொடங்குவது என் பழக்கமில்லை. நீலப் பலகையில் ஒரு துண்டை வாளியில் ஊறப்போட்டு, அதில் திருகாணி ஏற்றி, இழுத்துப் பார்த்தேன். டீயில் தோய்த்த பொறையிலிருந்து வருவதுபோல் வந்தது. சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் சிவப்புப் பலகையை அடித்தேன்.

இரண்டு பக்கத்து இரும்புத் தூண்களிலிருந்தும் பலகையின் ஓரத்துக்குள் திருகாணிகளை ஏற்றினேன். முகப்புக்கு நல்ல வார்னிஷ் பூசினேன். ஓரங்களுக்குப் பூசவில்லை. மாமி மிகவும் சந்தோஷப்பட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மழைக்காலம் வர வேண்டியிருந்தது. காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

மாமி காய் வாங்கும் விதம் தெருவுக்கே தெரியும். தள்ளுவண்டி ரத்னா குரல் கொடுத்ததும் கயிற்றில் பையைக் கட்டி இறக்குவார். பிறகு பால்கனியில் வயிற்றை முட்டுக்கொடுத்து, கையெட்டக் குனிந்து இழுப்பார். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், ஆபீசுக்குக் கிளம்பிய நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பத்ரி தம்பி நேத்து சொல்லிச்சு மாமி, பெரிய பரங்கிக்காவா ஓணும்னு."

"பத்ரியா? அடப் பாவமே, பரங்கிக்காய் சாம்பாருக்கு ஆசைப்பட்டிருக்கான். வாயைத் திறந்து கேக்க மாட்டானே. பையில போடு."

"வெயிட்டு ஜாஸ்தி கீது மாமி. நான் மேல எடுத்தாரட்டா?"

"முழங்கால் வலியை வச்சுண்டு நீ எதுக்குடி மூணு மாடி ஏறணும்? நான் இழுத்துக்கறேன்."

திருகாணியிலிருந்து பலகை பிய்யும் சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ரத்னா போட்ட சத்தம்தான் பெரிது.

மாமி பரங்கிக்காய் கேட்கவே இல்லை. ரத்னாவிடம் நானாகத்தான் சொன்னேன். பெரியதாக என்பதையும் நான்தான் சேர்த்துச் சொன்னேன். அவரைக் கொன்றது நான்தான், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பலகைக்காகவா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. இரண்டு பலகை.

மிச்சமிருக்கும் பச்சைப் பலகையைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துவந்திருக்கிறீர்கள். அது உங்கள் கடமை. ஆனால் அதை மேஜைபோலப் போட்டு, அதன்மேல் உங்கள் ஏட்டு ஈர டீ கிளாஸை வைத்திருந்ததைக் காலையில் பார்த்தேன். வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது. அவர் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். முன்பே சொன்னேனே, நான் கோபக்காரன் இல்லை.