எதிர்க் கரட்டுப் பல்லி

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் கரடு எனப்படும் பாறைக் குன்றுகளில் வெடி வைக்கக் குழி போடும் கம்ப்ரசர் வண்டி வைத்திருப்பவர், அவர் மனைவி கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

“அந்தக் கரட்டக் குவாரிக்கு எடுத்தவரு நாளைக்கு வரச் சொல்லியிருக்கறாரு. அதுல நீ ஆராய்ச்சி பண்ற உன்ற பல்லிய ஒரு சாக்குல புடிச்சு எதுத்த கரட்டுல உட்டர்றேன். அப்புறம் நான் பாறையில குழி போடலாமில்ல?”

“எதுத்த கரட்டுல இருக்கறது வேற பல்லிங்க.”

“நடுவுல ஒரு சோளக்காடு. அதுக்குள்ள வேற பல்லியா?”

“அது பாறைச் சந்துல, குளுமையிலயே இருக்கறதுங்க. வெயில்ல காட்டத் தாண்டி வராது. மனுசன் வர்றதுக்கு முந்தியே பிரிஞ்சு, அது அங்கயே, இது இங்கயே இருந்து, வெரலு, நெறம் எல்லாம் மாறிப்போச்சு.”

“ஆனாலும் பங்காளிகதான? சேர்த்துக்கும்.”

“உங்க பங்காளி காட்டுல போயி நீங்க ஊடு கட்டிக்குவீங்களா?”

“இது செத்தா வேற ஊர்ல இருக்குமல்ல?”

“இல்லீங்க. அந்த ஒரு கரட்டுலதான்.”

அவருடைய போன் அடித்தது. “ஆமாங்க. நாளைக்கு வர முடியாதுங்க. கம்ப்ரசர் ரிப்பேருங்க” என்று சொல்லி வைத்தார்.

ரிப்பேர் எதுவும் இல்லை என்பது அந்த அம்மாளின் சிரிப்பிலேயே தெரிந்தது. “அப்பக் கரட்ட ஒடைக்க மாட்டாங்கல்லங்க?”

“ஒடைப்பாங்க” என்றார் அவர். “நான் போகலீன்னா மேச்சேரிக்காரன் கம்ப்ரசர் வண்டி நாளைக்கே வந்துரும்.”