அடி வாங்குகிறவரின் கைதட்டல்

நோலீன் பிரிஸ்கோவின் படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவருடைய மகள் கேத்லின் அவர்களே, நகரமன்றத்தின் சார்பில் வந்திருக்கும் துணை மேயர் கிரேம் லாக்யர் அவர்களே, உலைத் தெரு நாடகக் குழுவின் பெண்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் கெல்லன் துறைமுகத்து மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் டெஸ் மெரிடித். இந்த மேடையில் நோலீனை அறைந்தவன் நான். முடியைப் பிடித்து இழுத்தவன் நான். கழுத்தை நெரித்தவனும், படிக்கட்டில் உருட்டிவிட்டவனும் நான்தான். ஒவ்வொரு நாடகத்திலும் எனக்கு அடிக்கிற புருஷன் வேஷம். உருக்காலையில் உழைத்த கை இது. கடைத்தெருவில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பெண்கள் உண்டு. அவ்வளவு அடித்தேனே, நோலீன் உடம்பில் ஒரு நகக்கீறல் பட்டதுண்டா? இல்லை!

நாடகச் சண்டையில் ஒரு சட்டம் இருக்கிறது. அடிக்கிறவன் கை காற்றில்தான் போகும். 'பளார்' என்று உங்களுக்குக் கேட்கிறதே, அது என் கையில் பிறக்கிற சத்தம் அல்ல. அடி வாங்குகிறவர் தன் இரண்டு கைகளையும் இடுப்போரம் மறைத்து வைத்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுவார். எப்போது விழுவது, எந்தப் பக்கம் விழுவது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் முடிவு. முதல் ஒத்திகையில் நான் கையை ஓங்கவே மறுத்தேன். "யோவ் டெஸ், நீ சும்மா கைய வீசுய்யா. வாங்குறவ நானு. எங்க விழணும்னு எனக்குத் தெரியும்" என்றார் நோலீன்.

வீட்டில் அடிபட்டு, போட்ட துணியோடு ஓடிவந்த பெண்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது இந்தச் சட்டத்தைத்தான். 'நிறுத்து' என்று அவர்கள் சொன்னதும் ஓர் ஆண்பிள்ளை அப்படியே நின்றது இந்த மேடையில்தான். சிலர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

இதற்கு நகரமன்றம் காசு கொடுக்கவேண்டுமா என்று ஒரு கூட்டம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ரோடெல்லாம் குழியாகக் கிடக்கும்போது நாடகத்துக்கு எதற்கு மக்கள் வரிப்பணம் என்று கேட்டார்கள். துணை மேயர் அவர்கள் ஒரு படி மேலே போனார். "ஆளுக்கு ஆள் அடிச்சுக்கிறதப் பாக்கணும்னா பப் வாசல்ல போய் நின்னா ஓசியிலயே பாக்கலாமே" என்றார். சபை சிரித்தது. நோலீனும் சிரித்தார். நேராக அவர் முன்னால் போய் நின்று, "எங்க, என் கழுத்தப் புடிங்க பாப்போம்" என்றார்.

லாக்யர் அவர்கள் வேடிக்கையாகத்தான் கை வைத்தார். அடுத்த நொடி நோலீனின் கண் செருகியது, நாக்கு வெளியே வந்தது, கால்கள் தரையை உதைத்தன. சபையே எழுந்து அலறியது. இவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நோலீன் எழுந்தார், பாவாடையைத் தட்டிவிட்டார். "அவரு ஒண்ணுமே பண்ணல. எல்லாம் நான் பண்ணேன். அடி வாங்குறவ கையில எல்லாம் இருக்குற ஒரே இடம் இந்த ஊர்ல எங்க நாடகக் கூடம்தான். அதுக்குத்தான் காசு கேக்குறோம்" என்றார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கூடம் பிழைத்தது.

ஆனால், பக்கக் கதவின் பூட்டு உடைந்து கிடக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்று வருஷாவருஷம் கேட்டோம். கலைக்கு அதற்குமேல் ஒதுக்கீடு இல்லை என்றார்கள். துறைமுகத்தில் புத்தாண்டு வாணவேடிக்கை மட்டும் வருஷாவருஷம் வெடித்தது.

அந்தக் கதவு வழியாகத்தான் அவன் வந்தான். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே டானா, அவளுடைய முன்னாள் கணவன். அவன் பெயரை இந்த மேடையில் சொல்லமாட்டேன். டானாவின் பெயரைச் சொல்லலாம், அவளே சொல்லச் சொன்னாள். அன்றைக்கு ஒத்திகையில், எப்படி விழுவது என்று நோலீன் அவளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் கையில் கார் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர். எங்களிடம் சொல்லாமல் புது நடிகர்களைக் கூட்டிவருவது நோலீனின் வழக்கம். அதனால் நாங்கள் யாரும் அசையவில்லை. "ஆளு நல்லாப் பண்றான்ல" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அவன் டானாவைப் பார்த்து ஓங்கினான். நோலீன் குறுக்கே போனார். அவருடைய இரண்டு கைகளும் டானாவின் தோளைப் பற்றியிருந்தன. தட்டுவதற்குக் கை இல்லை. ஆனாலும் சத்தம் கேட்டது. அது கைதட்டல் அல்ல என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அது எலும்பு!

நான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது. அன்றைக்கு என் கை காற்றில் போகவில்லை. அவன் தாடையை உடைத்தேன். நாலு பேர் என்னைப் பிடித்து இழுக்காவிட்டால் அவனுக்கும் சேர்த்து இரங்கல் கூட்டம் போட்டிருப்பார்கள். இன்றைக்கும் அந்தக் கை துடிக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

பிறகு நகரமன்றம் என்ன செய்தது? கேட்டபோதெல்லாம் வராத பூட்டு வந்தது. முன்கதவுக்கு! பாதுகாப்பு இல்லையாம், உதவித்தொகையை நிறுத்தப்போகிறார்களாம். திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. இன்று ஒருநாள் நமக்காகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சற்று முன்பு துணை மேயர் அவர்கள், கடற்கரைப் பூங்காவில் நோலீன் பெயரில் ஒரு பெஞ்சு போடுவதாக அறிவித்தார். ஐயா, அந்த அம்மாள் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெஞ்சு வேண்டாம். கூடத்தைக் கொடுங்கள், பக்கக் கதவுக்குப் பூட்டைக் கொடுங்கள்.

ஒன்று சொல்லிவைக்கிறோம். செவ்வாய்க்கிழமை ஒத்திகை உண்டு. கூடம் பூட்டியிருந்தால் உங்கள் நகரமன்றப் படிக்கட்டில் நடக்கும். நோலீன் நின்ற இடத்தில் டானா நிற்பாள். நான் கையை வீசுவேன்.

மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வேண்டாம். அடி விழுகிற வீடுகளில் மௌனம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. எல்லாரும் எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்போரம் வையுங்கள். அன்று நோலீனால் தட்ட முடியாமல் போன அந்த ஒரு தட்டு. நான் கையை வீசியதும் தட்டுங்கள்.

இதோ.

கேட்டதா? துணை மேயர் அவர்களே, ஏன் அப்படித் துள்ளிவிட்டீர்கள்? உங்கள்மேல் யாரும் கை வைக்கவில்லை. அது அடி வாங்கியவர்களின் கைதட்டல். எப்போது நிறுத்துவது என்பதும் இனி அவர்கள் முடிவு.