வலிக்காத முகம்

மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பேச்சை எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று சொல்கிறேன். கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் இருக்கிறோம். மேலே கொழுந்தன், அவன் மனைவி, அவர்களுடைய மகள். குழந்தையை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயது. சிறு பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதம் அவளுக்கு. காலையில் எழுந்தால் முழங்காலும் இடுப்பும் துருப்பிடித்த கீல் மாதிரி பூட்டிக்கொள்ளும். சில நாள் மதியத்துக்குள் சரியாகி ஓடுவாள். சில நாள் கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டாள். இன்றைக்கு எந்த நாள் என்று காலையில் அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதெல்லாம் தெரிந்தது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். மதியத்தோடு என் வேலை முடிந்துவிடும். நாற்காலியில் ஏற மறுத்து ஊரைக் கூட்டும் பிள்ளைகளை டாக்டர் முதலில் என்னிடம்தான் அனுப்புவார். நான் கத்த மாட்டேன், மிட்டாய் காட்ட மாட்டேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிப் பிடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடு, எதிரே சுவரில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே இரு என்பேன். வலி கைக்கு மட்டும் தெரிந்தால் போதும், முகத்துக்குச் சொல்லாதே என்பேன். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. முடிந்ததும் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவேன். என் கைராசிதான் ஆஸ்பத்திரிக்கு மூலதனம் என்று டாக்டர் சொல்வார்.

என் ஓர்ப்படியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிற வேலை. கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம். அவள் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கடன் வாங்கித் திருப்பாமல் இருந்ததில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைத்ததில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என் மகன் முதன்முதலில் எழுந்து நடந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுக்களையில் குக்கர் இருந்தது, நான் இருந்தேன். சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. அவன் முதல் மதிப்பெண் வாங்கினான், வேலைக்குப் போனான், வேறு ஊரில் இருக்கிறான், ஏதாவது வேண்டுமென்றால் போன் செய்வான். ஆரோக்கியமான பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிட்டு ஒரு மோசமான காலையில் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நான்கு அடி நடந்தாள். வீடே கைதட்டியது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் தட்டினேன். கை சிவக்கத் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து வந்தால் காலணிகூடக் கழற்றாமல் நேரே மாடிக்குப் போவார். "சிட்டு எப்படி இருக்கா?" என்ற குரல் எனக்குக் கூரை வழியாகக் கேட்கும். உறவுக்காரர்கள் போன் செய்தால் இரண்டாவது கேள்வி அவளைப் பற்றித்தான். மூன்றாவது, அவள் அம்மாவைப் பற்றி. பாவம், எப்படித்தான் சமாளிக்கிறாளோ என்பார்கள். சமாளிப்பதில் பாதி என்னுடையது. பள்ளி விட்டதும் குழந்தையைக் கூட்டிவந்து, சாப்பிடவைத்து, காலுக்குப் பயிற்சி கொடுத்து, சாயங்காலம்வரை வைத்திருப்பவள் நான். அதை யாரும் கேட்டதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு அந்த மதியங்களே போதுமாக இருந்தன. அடுக்களை மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, வகுப்பில் யார் யாரோடு டூ விட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஓர்ப்படி கீழே வந்தாள். நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள்.

"கிடைச்சா வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. காலையில அவளுக்கு ஒத்தடம், பயிற்சி எல்லாம் அவசரமில்லாம செய்யலாம். ஸ்கூல் விட்டதும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். உங்களையும் எத்தனை நாள்தான் தொந்தரவு பண்றது?"

"தொந்தரவுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாள். என் மதியங்களை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்து முடிவு செய்வார் என்றாள். என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்தாள். நான் சொன்னேன்: "வீடு பளிச்சுன்னு இருக்கணும். அழுக்கா இருந்தா நீ புள்ளைய சரியா பாக்கலன்னு எழுதிடுவாங்க. அவளுக்கு நல்ல டிரெஸ்ஸா போட்டு விடு. நீ அழுது வடியாத. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

இதில் எந்த வார்த்தை தப்பு? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் எல்லோரும் செய்வதுதானே.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின மாதம் சிட்டுவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது, அங்கே இருந்த பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்: "உதவித்தொகைக்குப் போட்டு, மதிப்பீட்டுக்கு யாராவது வந்தாங்கன்னா மோசமான நாளைப் பத்தி சொல்லச் சொல்லுங்க. கௌரவம் பார்த்துக்கிட்டு நல்ல நாளைக் காட்டிடுறாங்க, அதனாலயே பாதிப் பேருக்குக் கிடைக்காம போகுது. அவங்க அம்மாகிட்ட மறக்காம சொல்லிடுங்க." மறந்துவிட்டேன் என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. மதியங்களில் நானும் சிட்டுவும் அந்த விளையாட்டை விளையாடினோம். கட்டைவிரலை மடக்கச் சொல்லி, அவள் முழங்காலை மெல்ல அழுத்துவேன். முதல் நாள் உதட்டைக் கடித்தாள். அடுத்த நாள் கடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். நான் முரட்டு மனுஷி இல்லை.

"அம்மா அழாம இருக்கணும்னா என்ன பண்ணணும்?"

"முகத்துக்குச் சொல்லக்கூடாது பெரியம்மா."

"யார் கேட்டாலும்?"

"யார் கேட்டாலும் வலிக்கல."

நட்சத்திரங்களைத் தன் பென்சில் பெட்டி மூடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். எங்கள் நாற்காலிக்கு வருகிற எந்தப் பிள்ளையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.

வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. இருமிக்கொண்டே படியேறினார். தேநீர் வேண்டாம் என்றார். மேல்வீடு பாத்திரக்கடை மாதிரி மின்னியது. சிட்டு இஸ்திரி போட்ட நீல கவுனில் உட்கார்ந்திருந்தாள். தைரியத்துக்கு நீங்களும் வாங்கக்கா என்று என் ஓர்ப்படி கூப்பிட்டதால் நானும் ஓரமாக இருந்தேன்.

"பட்டன் நீயே போட்டுக்குவியா?"

"போட்டுக்குவேன்."

"படி ஏறி இறங்குவியா கண்ணு?"

சிட்டு உடனே எழுந்து வாசல்வரை போய், படியில் இறங்கி, மறுபடி ஏறி வந்தாள். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறையும் போய்வந்தாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இன்னைக்கு என்னமோ நல்லா இருக்கா மேடம்," என்றாள் என் ஓர்ப்படி. அவளுக்கே வாய் குழறியது. "எப்பவும் இப்படி இல்ல. நேத்துகூட நான்தான் தூக்கிட்டு…"

"நல்லா இருந்தா சந்தோஷப்படணும்மா," என்றார் அந்த அம்மாள். கனிவாகத்தான் சொன்னார்.

சிட்டுவின் இரண்டு கைகளும் கவுன் மடிப்புக்குள் இருந்தன. கட்டைவிரல்கள் உள்ளே மடங்கியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

உதவித்தொகை இல்லை என்று பதில் வந்தது. என் ஓர்ப்படி கீழே வந்து என் மடியில் தலைவைத்து அழுதாள். தலையைக் கோதிவிட்டேன். "நான்தான் ஏதோ சொதப்பிட்டேன்க்கா," என்றாள். அப்படியெல்லாம் நினைக்காதே என்றேன். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். நான் வழக்கம்போல் பள்ளி வாசலில் நின்றேன்.

கிடங்கில் அவளுக்கு விடுப்புக் கிடைப்பதில்லை என்பதால் சிட்டுவை மூட்டு டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் காலை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்ப்பார். வலிக்குதா என்பார். சிட்டு சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்பாள். வீட்டில் எப்படி என்று என்னிடம் கேட்பார். ஓடியாடி விளையாடுகிறாள் என்பேன். மருந்து நன்றாகக் கேட்கிறது என்று அவருக்கு மகிழ்ச்சி. மருந்தைக் குறைத்தார். அடுத்த முறை இன்னும் குறைத்தார். மாடியில் அம்மா கேட்டாலும் சிட்டு வலிக்கல என்றுதான் சொல்லிவந்தாள். வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் என் ஓர்ப்படி குழந்தையைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சிட்டு என் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்போது சொன்னால் முன்னால் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். மதியங்கள் போய்விடும்.

ஒரு நாள் பள்ளியில் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. எழ முடியவில்லை. டீச்சர் தூக்கியபோதும் அழவில்லையாம், அதனால் அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்களாம். படம் எடுத்துப் பார்த்ததில் இடுப்பு மூட்டின் பந்து ஒரு பக்கமாகத் தேய்ந்து உதிர்ந்திருந்தது. இந்த அளவுக்கு வர மாதக்கணக்கில் வலித்திருக்க வேண்டும், எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று அறுவை மருத்துவர் கேட்டார். இப்போதைக்கு அறுவை செய்து உதிர்ந்த துண்டுகளை மட்டும் எடுக்க வேண்டும், வளர்ந்த பிறகு செயற்கை மூட்டு வைக்கலாம், அதுவரை சக்கர நாற்காலிதான் என்றார். என் ஓர்ப்படி கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஊசி குத்த வந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். கையை விரிக்கச் சொல்லியிருக்கிறாள். குழந்தையின் உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. யாரு கண்ணு சொல்லிக்குடுத்தா என்று கேட்டதும், சிட்டு பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் குழந்தைகள் நல அதிகாரி என்று நீங்கள் என்னை இங்கே கூப்பிட்டீர்கள்.

என் ஓர்ப்படி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வாசலிலேயே நின்று, "நான் உங்களுக்கு என்னக்கா பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டாள். எதுவும் பண்ணவில்லை. அதைத்தான் என்னால் அவளுக்கு விளக்க முடியவில்லை. எதுவுமே பண்ணாமல் அவளுக்கு எல்லாம் கிடைத்தது. நோய்கூட அவளுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். வலியை மறைக்கச் சொல்லிக்கொடுத்தது நான். பயிற்சியாளர் சொன்னதை மறைத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். வலிக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். யாரும் என்னைத் தூண்டவில்லை. மூட்டு உதிரும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்காதீர்கள். அதற்கு நான் பதில் யோசித்து வைக்கவில்லை.

இனி அவளைப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு போடப் போகிறீர்களாம். சரி. ஆனால் அறுவை முடிந்த மறுநாள், இந்தப் பேச்செல்லாம் வெடிக்கும் முன், நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நடையில் வரும்போதே சிட்டு கதறுவது கேட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று, மூச்சு வாங்கி வாங்கி அழுதுகொண்டிருந்தாள். நான் கதவைத் தள்ளினேன். என்னைப் பார்த்த அந்த நொடியே அழுகை நின்றுவிட்டது. போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் காயாமலே சிரித்தாள். பெற்றவளிடம் அழுகிற குழந்தை, என்னைக் கண்டதும் சிரிக்கிறாள். அவளுக்கு எங்கள் இரண்டு பேரில் யாரைப் பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.