குமுளி மலையேறிய டயரும் ஞானபாக்கியம் அம்மையாரும்

கந்தக நெடியிலும் கரித்தூளிலும் கலங்காது, இருபத்தோராண்டு எங்கள் டயர் புதுப்பிக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தை ஆண்ட அன்புக்குரியவரே! பாலாய் வடிந்து பாளமாய் வரும் ரப்பரின் பதமறிந்த பண்பாளரே!

அவையோரே! இன்று பணி ஓய்வு பெறும் வேதியியல் அலுவலர் ஞானபாக்கியம் அம்மையாரின் பெருமை சொல்ல எங்களுக்கு 1973-ஆம் ஆண்டின் கார்த்திகை மாதம் ஒன்றே போதும்.

அப்போது மலையாள நாட்டில் விடாமழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்று, ரப்பர் ஷீட் வரத்து அற்றுப்போனது. சபரிமலை பஸ்களுக்கு டயர் கொடுத்தாக வேண்டும். கையிலிருந்த செயற்கை ரப்பரையே தேய்ந்த டயர்கள்மேல் ஒட்டி வேகவைத்தோம். கன்னங்கரேலென்று மின்னின. அம்மையார் ஒன்றை அறுத்து, மேல்தோலைப் பற்றி இழுத்தார். வாழைப்பழத் தோலாய் உரிந்து வந்தது.

"இத அனுப்பக் கூடாது அண்ணாச்சி" என்றார்.

மேலாளர் சங்கரலிங்கம் பதறினார். "சாமிமாருக வண்டிக்குக் காத்துக் கெடக்காக. ஆர்டர் போச்சுன்னா ஆலையவே இழுத்துப் பூட்டணும். பாக்க நல்லாத்தானம்மா இருக்கு!"

"தேனிக்குள்ள ஓட இது போதும். லோயர் கேம்ப் தாண்டி மலை வளைவுல சூடேறுனா உரிஞ்சிரும். உள்ள மனுசங்க இருக்காக அண்ணாச்சி."

குரலை உயர்த்தவில்லை. நேரே போய், டயர் ஏற்றிய லாரியின் முன்னால் நின்றுகொண்டார். ஏற்றியதெல்லாம் இறங்கியது.

செயற்கை ரப்பர் தேய்மானம் தாங்கும். வேகுமுன் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்புதான் அதற்குக் குறைவு. கிடங்கில் மிஞ்சியிருந்த கொஞ்சம் இயற்கை ரப்பரை மெல்லிய ஏடாக உருட்டி, பழைய டயருக்கும் புது ரப்பருக்கும் நடுவே கொடுத்தார் அம்மையார். கந்தகத்தைக் குறைத்தார், வேகும் நேரத்தைத் திருத்தினார். தவறியது; மறுபடி செய்தார்; மறுபடியும் தவறியது. கடைசியில், உருளை ஓட்டும் ஒச்சாண்டி ஒரு டயரைப் பிடித்து இழுத்துவிட்டுக் கத்தினார்: "ஆத்தாடி! கைதான் வலிக்குது, உரிய மாட்டேங்குதுக்கா!"

முதல் பஸ் கிளம்பியபோது, யாரும் கேளாமலே அம்மையார் ஏறிப் பின்சக்கரத்துக்கு மேலிருந்த இருக்கையில் அமர்ந்தார். மலையேறி முடிந்ததும் குமுளியில் இறங்கி, கொதித்துக் கிடந்த டயரின் ஒட்டில் விரலோட்டிப் பார்த்தார். மயிரிழை விலகல் இல்லை. அதுவரை அடக்கிவைத்த பயமெல்லாம் பொங்க, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதார். ஓட்டுநர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்றும் குனிந்து டயரைப் பார்க்காமல் எந்தப் பஸ்ஸிலும் அவர் ஏறுவதில்லை. அம்மையீர்! இனி நேரே ஏறி, ஜன்னலோரம் அமர்ந்து, காற்று வாங்கிக்கொண்டு போங்கள். நோயின்றி நெடுங்காலம் போய்வாருங்கள். டயரைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்.

கரி படிந்த கைகள் கூப்பி,
ஆலைப் பணியாளர்கள்
தேனி, 31.5.1985