யார் கூப்பிட்டால் திரும்புவான்?

— அவன இங்கன குடுட்டி வேல்விழி. பெத்தவ வேலை முடிஞ்சு வந்து நிக்கேன், நீ தோள்லயே போட்டுக்கிட்டுத் திரியுத.

— இந்தாங்க மதினி. நானா வேண்டாம்ங்கேன்? செருப்பக்கூடக் கழட்டாம நிக்கீங்களேன்னு பாத்தேன்.

— ஏலே ஆதி, அம்மா வந்துட்டேன்லா... பாத்தியா, பாத்தியா! என் கைல இருந்துக்கிட்டு ஒன் மூஞ்சியவே பாக்கான்.

— அஞ்சு மாசப் பிள்ளை மதினி. எதுக்க நிக்கவங்களப் பாக்கத்தான் செய்யும்.

— மத்தியானம் வேலைக்கு நடுவுல லாட்ஜ்லருந்து போன் போட்டேன்லா? ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, தொண்ட வறளக் கொஞ்சுனேன். அவன் என்ன செஞ்சான்?

— வெளையாடிக்கிட்டு இருந்தான்.

— பொய் சொல்லாதட்டி. போன் பக்கமே திரும்பலன்னு ஒங்க அண்ணன் சொல்லியாச்சு. நீ தொட்டில்ல கைய வச்சா மட்டும் பொக்கை வாயத் தொறந்து சிரிக்கானாம். எனக்கு வயிறு எரியுது. ஆமா, எரியத்தான் செய்யுது. ஒங்கிட்ட என்னத்துக்கு மறைக்கணும்?

— குத்தாலத்துல சீசன், ஒங்களுக்கு லீவு இல்ல. நான் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு வீட்லதான் இருக்கேன். நீங்கதானே பாத்துக்கச் சொன்னீங்க?

— பாத்துக்கத்தான் சொன்னேன். பறிச்சுக்கச் சொல்லல.

— என்ன மதினி இப்டிப் பேசுதீங்க!

— பின்ன எப்டிப் பேச? வயித்துக்குள்ள இருக்கையிலயே பிள்ளைக்கு அம்மா குரல் பழகிருமாம். பொறந்ததும் அந்தக் குரலத்தான் தேடுமாம். டாக்டரம்மாவே சொன்னாவ. தென்காசிலருந்து தினம் பஸ்ல போகையில வயித்தத் தடவித் தடவி இவங்கிட்டயேதான் பேசிக்கிட்டுப் போவேன். பக்கத்து சீட்டுக்காரி கிறுக்கச்சின்னு நெனச்சு எந்திரிச்சே போயிட்டா. அவ்வளவும் வீணா?

— வீணுன்னு யாரு சொன்னா?

— இவன் சொல்லுதானே! போன ஞாயித்துக்கெழம மெயின் அருவியக் காட்டக் கூட்டிட்டுப் போனோம். சனம் கத்துது, தண்ணி அந்தப் போடு போடுது. என் கைல இருந்த வரைக்கும் நெளிஞ்சான். நீ வாங்குன, ஒறங்கிட்டான். ஒன் தோள்ல என்ன மருந்து வச்சிருக்க?

— மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. முன்னால போயி மொகத்தக் காட்டிட்டுத்தான் தூக்குவேன். அதுக்கு முன்ன தொட்டில மெல்ல ஆட்டி விடுவேன். நீங்களும் அப்டிச் செய்ங்க, ஒங்களப் பாத்தும் சிரிப்பான்.

— என் பிள்ளைய எப்டித் தூக்கணும்னு எனக்கே பாடம் நடத்துதியோ? வா, இப்பமே பாத்துருவோம். இந்தா, பாய்ல போட்டுட்டேன். ரெண்டு பேரும் இவன் தலமாட்டுல நிப்போம். நான் கூப்பிடுதேன், பெறவு நீ கூப்பிடு. யாருக்குத் திரும்புதான்னு பாப்போம்.

— வேண்டாம் மதினி.

— ஏன், பயமா இருக்கோ?

— ஆமா. பயமாத்தான் இருக்கு.

— தோத்துருவோம்ங்கிற பயம்! நில்லு இங்கன. ஆதி... ஏலே தங்கம்... அம்மா கூப்பிடுதேம்லா... என் ராசால்லா, ஒரு தடவ திரும்புலே... ம்ஹூம். சரி, ஒன் முறை. கூப்பிடு.

— ஆதிக்குட்டி... அத்தை இங்கன இருக்கேன்...

— இன்னும் சத்தமா! எனக்காவ விட்டுக் குடுக்காத. ஒன் பிச்சை எனக்கு வேண்டாம்.

— ஏலே ஆதீ...! போதும் மதினி. என்னால முடியல.

— அட, ஒனக்கும் திரும்பல! பாத்தியா, பாத்தியா! அம்மைக்கு இல்லாதது அத்தைக்கும் இல்ல. அப்பாடா, இப்பதான் வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு. ஒன்னயும் அவனுக்கு அப்டி ஒண்ணும்... ஐயோ! என்னட்டி, இம்புட்டுப் பெரிய தாம்பாளத்த இப்டியா கீழ போடுவ? எனக்கே நெஞ்சு நின்னு போச்சு, பிள்ளை பயந்துருவாம்லா!

— பயப்படல மதினி, நல்லாப் பாருங்க. அவன் காதுப் பக்கத்துலதான் போட்டேன். கண்ணக்கூடச் சிமிட்டாம, கையச் சப்பிக்கிட்டு, மேல சுத்துத காத்தாடியப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்.